திரையிலும் ஒரு தொகைநூல்



சென்ற கிழமை அகநானூறு தொகுக்கப்பட்ட முறை பற்றிப் பேசினோம். அதைக் கேட்ட நேயர் ஒருவர் துறைமுகப் பக்கத்திலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். அவரும் நண்பர் சிலரும் சேர்ந்து, மாதம் இருமுறை நல்ல திரைப்படங்களைக் காட்டும் சங்கம் ஒன்றைத் தொடங்க எண்ணியிருக்கிறார்களாம். இலாப நோக்கம் எதுவுமில்லை. மண்டபம் கிடைக்கும், படவீச்சுக் கருவி கிடைக்கும், கதிரைகளும் கிடைக்கும். "எந்தப் படத்தைக் காட்டுவது, எதற்குப் பின் எதைக் காட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. தமிழ் படிப்பிக்கும் உங்களிடம் இதைக் கேட்பது பொருத்தமோ தெரியாது" என்று முடித்திருக்கிறார்.

பொருத்தமான கேள்விதான். அகநானூற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மனாரின் முன்னே பாலைப் பாடல்கள் இருநூறு இருந்தன. குறிஞ்சி எண்பது. முல்லை, மருதம், நெய்தல் ஒவ்வொன்றும் நாற்பது. அவர் பாலையை எல்லாம் ஓரிடத்திலும் குறிஞ்சியை எல்லாம் இன்னோரிடத்திலும் குவித்து வைக்கவில்லை. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலைக்கு. இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். பிறகும் இதே ஒழுங்கு. இதனால் நூலில் பாதி பாலையாக இருந்தும், இரண்டு பாலைப் பாடல்கள் அடுத்தடுத்து வருவதில்லை. பிரிவின் வெம்மைக்குப் பின் ஒரு மலைச்சாரல், மறுபடியும் பிரிவு, பின் ஒரு முல்லைநிலத்து மாலை. நூலின் நடுப்பகுதிக்கு மணிமிடை பவளம் என்று பெயர். மணியும் பவளமும் ஒன்றல்ல. ஒன்றினிடையே மற்றதைக் கோத்தால் இரண்டின் நிறமும் எடுத்துக் காட்டும்.

திரைப்படச் சங்கத்தில் படங்களைத் தேர்ந்து நிரல்படுத்துபவர் செய்வதும் இந்த வேலையைத்தான். அவர் படம் எடுப்பவர் அல்லர், விமரிசகரும் அல்லர். அவரைத் தொகுப்பாசிரியர் என்றே சொல்லலாம். வணிகப் படமாளிகையில் இந்தத் தொகுப்பாசிரியருக்கு இடமில்லை. அங்கே என்ன ஓடும் என்பதை விநியோகத்தரும் வசூலும் தீர்மானிக்கும். கூட்டம் வந்தால் படம் நிற்கும். வராவிட்டால் வெள்ளிக்கிழமை மாறிவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அது வியாபாரம். ஆனால் இன்று இருபது பேர் மட்டும் பார்க்க வந்த படத்தை அடுத்த ஆண்டு இருநூறு பேர் தேடி வரக்கூடும் என்று பொறுத்திருக்க வியாபாரத்தால் முடியாது. அந்தப் பொறுமைக்காகத்தான் இலாபம் பாராத ஒரு இடம் வேண்டியிருக்கிறது.

இந்த முயற்சியின் பழைய வரலாற்றைப் பார்ப்போம். 1925இல் இலண்டனில் 'ஃபிலிம் சொசைட்டி' என்ற சங்கம் தொடங்கப்பட்டது. ஐவர் மொன்ரேகு என்ற இளைஞர் முன்னின்று நடத்தினார். பேர்னாட் ஷாவும் எச். ஜி. வெல்ஸும் தொடக்க உறுப்பினர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், உறுப்பினர்க்கு மட்டும் காட்சி. ஐசன்ஸ்ரைனின் 'போர்க்கப்பல் பொதெம்கின்' அப்போது பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்டிருந்தது. கப்பல் மாலுமிகள் அதிகாரிகளை எதிர்த்துக் கிளர்ந்தெழும் கதையை உலகின் பெரிய கடற்படையை வைத்திருந்த நாடு விரும்பாததில் வியப்பில்லை. எங்கள் துறைமுகத்திலும் அந்தக் கடற்படைதான் அப்போது நங்கூரமிட்டிருந்தது, 1957இல்தான் போனது. 1929 நவம்பர் 10ஆந் திகதி அந்தச் சங்கம் பொதெம்கினைத் தன் உறுப்பினர்க்குக் காட்டியது.

இங்கே நான் கவனிக்கச் சொல்வது அதே மாலையில் காட்டிய மற்றப் படத்தை. ஜோன் கிரியர்சன் என்ற இளைஞரின் 'டிரிஃப்ரர்ஸ்'. வடகடலில் மீன்பிடிக்கப் போகும் படகுகளைப் பற்றிய விவரணப் படம். ஒன்று போர்க்கப்பல், மற்றது மீன்பிடிப் படகு. ஒன்றிலே கிளர்ச்சி, மற்றதிலே அன்றாட உழைப்பு. இரண்டுக்கும் நடுவே கடல். மணிமிடை பவளம் என்றால் இதுதான். பிரித்தானிய விவரணப்பட மரபு அந்த 'டிரிஃப்ரர்ஸ்' படத்தோடு தொடங்குகிறது என்பார்கள்.

அந்த மரபின் ஒரு கிளை நேரே எங்கள் கொட்டியாரக் குடாவுக்கு வந்து சேர்கிறது. கிரியர்சனோடு சேர்ந்து வேலைசெய்த பசில் ரைற் என்பவர் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக இங்கு வந்து எடுத்த படம், 1934இன் 'சோங் ஒஃப் சிலோன்'. அதற்குக் குரல் கொடுத்தவர் கொழும்பின் லயனல் வென்ற். அவர் வாசிப்பதிலே பெரும்பகுதி றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் வசனம். நொக்ஸ் யார்? 1660இல் அவருடைய கப்பல் எங்கள் கொட்டியாரக் குடாவில் நின்றபோது மூதூர்ப் பக்கத்தில் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் இருந்தவர். கரையில் நின்று பார்த்தால் தெரிகிற இடத்தில் பிடிபட்ட ஒரு மனிதனின் சொற்கள், இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கழித்து, உலகம் போற்றும் ஒரு கலைப்படத்தின் குரலாகின்றன. இந்தப் படத்தை எமது ஊரில் காட்டாமல் வேறு எங்கே காட்டுவது?

காட்டிவிட்டுச் சும்மா அனுப்பவும் கூடாது. படத்தின் மூன்றாம் பகுதி வாணிபத்தின் குரல்களைக் கேட்கச் செய்கிறது. தோட்டத் தொழிலாளரும் திரையில் வருகிறார்கள். ஆனால் அவர்கள் பேசுவதில்லை. படத்துக்குப் பணம் தந்தது தேயிலைச் சபை. அழகான படமொன்று யாரைப் பேசவிடவில்லை என்ற கேள்வியைத் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம் அல்லவா?

பணம் கொடுப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொகைநூல்களில் தொகுத்தவர் வேறு, தொகுப்பித்தவர் வேறு. அகநானூற்றைத் தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஆயினும் நூலிலே சேரரும் சோழரும் அவர்களுடைய ஊர்களும் தாராளமாக வருகின்றன. பாண்டியன் பணம் தந்தான் என்பதற்காகப் பாண்டியர் புகழை மட்டும் பொறுக்கி வைக்கவில்லை. திரைப்படச் சங்கங்களுக்கும் இந்த நிதானம் வேண்டும். தென்னாசியாவின் சங்கங்கள் பல, வெளிநாட்டுத் தூதரகங்கள் இலவசமாகத் தந்த படச்சுருள்களில் வளர்ந்தவை. சோவியத், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, பிரான்ஸ், ஜேர்மனி என்று ஒவ்வொருவரும் தத்தம் நாட்டின் பெருமைக்காகத் தந்தார்கள். வாங்கியவர்கள் அதிலே நல்லதைத் தெரிந்தார்கள். ஆகவேதான் ஹொலிவூட் படமே பெரிதாகக் கண்டிராத சிற்றூர்களிலும் கிழக்கு ஐரோப்பியப் படங்களைப் பற்றி வாதாடும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் இருந்தனர்.

கல்கத்தாத் திரைப்படச் சங்கம் 1947இல் தொடங்கியது. சத்யஜித் ரே, சிதானந்த தாஸ்குப்தா, பன்சி சந்திரகுப்தா முதலியோர் சேர்ந்து அமைத்தது. முதற்படம் அதே 'பொதெம்கின்'. சொந்த மண்டபம் இல்லை. கிடைத்த இடத்தில் கூடினார்கள். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 1949இல் கல்கத்தாவுக்கு வந்தபோது ரே அவரோடு இடம் பார்க்கச் சுற்றினார். 1955இல் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்த ஒருவர் திரைப்படக் கல்லூரி எதற்கும் போகாமல் இப்படியொரு படத்தை எடுக்க முடிந்ததற்கு அந்தச் சங்கத்தின் இருட்டறையும் ஒரு காரணம். 1959இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் சம்மேளனம் அமைந்தபோது அதில் இருந்தவை ஆறு சங்கங்கள்; சென்னைச் சங்கம் அவற்றில் ஒன்று. தலைவர் ரே.

எல்லாம் புனிதமாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சங்கங்கள் காட்டும் வெளிநாட்டுப் படங்களுக்குத் தணிக்கை விலக்கு இருந்தது. வெட்டப்படாத காட்சிகளுக்காகவே சந்தா கட்டியவர்கள் 1970களில் பெருகினர். அந்தக் காட்சி வந்து போனதும் மண்டபம் பாதி காலியாகிவிடும். இதனால் மனம் நொந்து எழுதியவர்கள் உண்டு. நான் அவ்வளவு நோகமாட்டேன். கம்பராமாயணத்திலும் சிலர் சில படலங்களைத்தான் தேடிப் படித்தார்கள். எழுந்து போகாமல் இருந்த பாதிப்பேர்தான் சங்கம்.

கேரளத்தில் இந்த இயக்கம் ஊருக்குள் இறங்கியது. பூனாத் திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்த அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965இல் திருவனந்தபுரத்தில் 'சித்திரலேகா' சங்கத்தைத் தொடங்கினர். படம் காட்டுவதோடு நில்லாமல் கூட்டுறவு முறையில் படம் எடுக்கவும் துணிந்தனர். 1972இல் 'சுயம்வரம்' அப்படி வந்தது. பிறகு ஜோன் ஏப்ரகாம். 1984இல் அவரும் தோழர்களும் அமைத்த 'ஒடேசா' குழுவினர் ஊரூராகப் போனார்கள். தெருவிலே சப்ளினின் 'த கிட்' படத்தைக் காட்டினார்கள், பார்த்தவர்களிடம் சிறு காசாகச் சேர்த்தார்கள். அந்தக் காசில் 1986இல் 'அம்ம அறியான்' உருவானது. குழுவின் பெயரைப் பாருங்கள்: பொதெம்கின் கப்பல் வந்து நின்ற துறைமுகம்!

இந்த ஜோன் ஏப்ரகாம் தமிழிலும் ஒரு படம் எடுத்தார். 1977இன் 'அக்ரகாரத்தில் கழுதை'. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான். ஆனால் தமிழ்நாட்டில் அதைப் படமாளிகையில் ரிக்கற் எடுத்துப் பார்த்தவரைக் காண்பது அரிது. பார்த்தவர்கள் பெரும்பாலும் ஏதோவொரு திரைப்படச் சங்கத்தின் மண்டபத்தில் பார்த்தவர்கள். ஒரு தமிழ்ப் படத்தைத் தமிழர் பார்க்க ஒரு சங்கம் வேண்டியிருந்தது.

அதே 1977இல் எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த சிங்கள இயக்குநர். அவர் 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார். கதைவசனம் காவலூர் இராஜதுரை. யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றில் சீதனமும் சாதியும் பெண்களின் வாழ்க்கையை என்ன செய்கின்றன என்பதே பொருள். பேச்சுக் குறைவு. பாட்டும் சண்டையும் கேட்டு வந்தவர்களுக்கு அங்கே எதுவும் இல்லை. வேலியும் ஒழுங்கையும் முற்றமும் திரையில் நெடுநேரம் நிற்கின்றன. எமது சனம் தமது சொந்த ஒழுங்கையைத் திரையில் கண்டு பழகியவர்கள் அல்லர். படம் அதிக நாள்கள் ஓடவில்லை.

சனங்களைக் குறைகூறுவது எளிது. நான் அதைச் செய்யமாட்டேன். புதுக்கவிதை வந்தபோது, அதற்கு முன்னே சிறுசஞ்சிகைகள் வாசகரை ஆயத்தம் செய்திருந்தன. ஐம்பது பேர் படித்தார்கள், நூறு பேர் திட்டினார்கள், பிறகு அது நிலைத்தது. 'பொன்மணி'க்கு முன்னே அப்படி ஆயத்தம் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அதற்குச் சிறிது காலத்தின் பின்னரே, 'அலை' சஞ்சிகையோடு தொடர்புடைய அ. யேசுராசா போன்றவர்கள் யாழ்ப்பாணத்தில் திரைப்பட வட்டம் நடத்தி நல்ல படங்களைக் காட்டினர். நிகழ்ச்சிநிரலின் ஒழுங்கு தவறியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது: முதலில் வந்திருக்க வேண்டிய வட்டம் பின்னால் வந்தது.

அதன் பின் வந்தவை யாவரும் அறிந்தவை. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிந்தது, படச்சுருள்களும் எரிந்தன. தமிழ்ப் படங்கள் சிலவற்றை இன்று தேடிப் போகிறவர்களுக்குச் சாம்பலின் கதைதான் கிடைக்கிறது. ஆகவே நேயரே, எங்கள் நாட்டில் நிரல் அமைப்பவரின் முதல் வேலை இரசனை அல்ல, தேடல். உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிய மாதிரி, படம் யாரிடம் இருக்கிறது, முழுமையாக இருக்கிறதா, ஒலி கேட்கிறதா என்று விசாரித்துத் திரிய வேண்டும்.

போர்க்காலத்தில் படம் பார்ப்பது நின்றுவிடவில்லை. என் சிறுவயதில் ஊரடங்கு இல்லாத இரவுகளில் 'டெக்' வாடகைக்கு எடுப்பார்கள். தொலைக்காட்சிப் பெட்டி, டெக், நாலு கசற், இவற்றோடு ஒரு ஆள் வருவார். மின்சாரம் இல்லையென்றால் ஜெனரேற்றரும் வரும். முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய நாலு படம். இப்போது நினைத்துப் பார்க்கையில் அந்த டெக்காரர் ஒழுங்கு அறிந்தவராகத் தெரிகிறார். முதலில் ஒரு பக்திப் படம். அம்மம்மாமார் அதைப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். இரண்டாவது எம்.ஜி.ஆர். அல்லது சிவாஜி, வீட்டுக்காரருக்கும் அயலவருக்கும். மூன்றாவது புதுப்படம், இளந்தாரிகளுக்கு. நாலாவது எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, விழித்திருப்பவர் நாலுபேர்தான். அவர் உருத்திரசன்மனாரைப் படித்திருக்கமாட்டார். ஆனால் கூட்டத்தின் வயதையும் நித்திரையையும் கணக்கிட்டு மாலை கோத்தவர். அவருக்குத் தெரிந்தது சங்கம் நடத்துபவருக்கும் தெரிய வேண்டும்.

சிற்றூரில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஹெக்கோடு என்ற ஊரைக் காட்டுகிறேன். கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிராமம். அங்கே கே. வி. சுப்பண்ணா என்ற எழுத்தாளர், அவரும் பாக்குத் தோட்டக்காரர்தான், 1949இல் ஊர்க்காரரோடு சேர்ந்து 'நீநாசம்' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். 1973இல் அதனோடு ஒரு திரைப்படச் சங்கம் சேர்ந்தது. 1970களின் பிற்பகுதியில் கிராமத்தவர்க்காக அங்கே உலகத் திரைப்பட விழா நடத்தினார்கள். 'பதேர் பாஞ்சாலி', குரோசவாவின் 'றஷோமொன்', டி சிக்காவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' எல்லாம் அந்தக் கிராமத்துத் திரையில் ஓடின. பூனாவில் இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி. கே. நாயர் படச்சுருள்களைத் தந்ததோடு தாமே வந்து பாடமும் நடத்தினார்.

சுப்பண்ணா செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது, படத்துக்கு முன்னும் பின்னும் கன்னடத்துக்குக் கொடுத்த இடம். ஆங்கில எழுத்து ஓடும் அடிவரியை நம்பி விவசாயியை உட்கார வைக்கவில்லை. கன்னடத்தில் அறிமுகம், கன்னடத்தில் சிறுநூல், கன்னடத்தில் கலந்துரையாடல். 1991இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. 2005இல் அவர் மறைந்தார். நாட்டார் மனம் 'கனமான' படத்தைத் தாங்காது என்று சொல்பவர்கள் ஹெக்கோட்டை அறியாதவர்கள்.

எங்களுக்கும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய சுவாமி விபுலானந்தர், 1926இல் 'மதங்க சூளாமணி' எழுதினார். ஷேக்ஸ்பியரைத் தமிழருக்குச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட கருவி ஆங்கில விமரிசனம் மட்டுமல்ல; எமது நாடக மரபும் சுவைக் கோட்பாடும்தான். வெளியாரின் கலையை எம்மிடமுள்ள அளவுகோலை வைத்தே நெருங்கலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

அறிமுகக் குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கங்கள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாளில் குறிப்பு அச்சிட்டுக் கொடுப்பது வழக்கம். பலர் அதிலே கதை முழுவதையும் எழுதிவிடுகிறார்கள். இன்னும் சிலர் நாம் எங்கே அழ வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறார்கள். சங்கப் பாட்டின் அடியிலுள்ள குறிப்பைப் பாருங்கள். பிரிவிடை ஆற்றாத தலைவி தோழிக்குச் சொன்னது. அவ்வளவே. யார், யாரிடம், எந்த நிலையில். மீதியைப் பாட்டுச் சொல்லும். படக்குறிப்பும் இந்த அளவில் நிற்பது நல்லது: எந்த ஆண்டு, எந்த ஊர், யார் எடுத்தது, எந்த நெருக்கடியில் எடுத்தது.

கலந்துரையாடலையும் நான் அவ்வாறே விட்டுவிடுவேன். எமது கல்லூரி மண்டபத்தில் உயர்தர வகுப்பு மாணவருக்குப் 'பதேர் பாஞ்சாலி'யைக் காட்டினேன். முதல் இருபது நிமிடம் கதிரைகள் அரைந்துகொண்டே இருந்தன. நாணற் காட்டுக்குள் பிள்ளைகள் இரயிலைக் காண ஓடிய இடத்தில் சத்தம் அடங்கியது. முடிந்து விளக்கைப் போட்டதும் ஒரு மாணவன் கேட்டான்:

"சேர், அக்கா களவெடுத்த மாலையை அந்தத் தம்பி ஏன் குளத்துக்குள்ள எறிஞ்சவன்? குடுத்திருந்தால் காசாவது வந்திருக்கும்."

நான் வாயைத் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை, வகுப்பில் அதிகம் பேசாதவள், சொன்னாள்:

"செத்தவளுக்கும் மானம் இருக்குத்தானே. அவள் எடுக்கேல்லை எண்டுதானே தாய் நம்பினவ."

அதற்குமேல் நான் சொல்ல என்ன இருந்தது? அரைமணி நேரம் அவர்களே பேசினார்கள். தாய்க்கு உண்மை தெரிந்திருக்குமா என்பது வரை போய்விட்டது. தனித்தனியே கைத்தொலைபேசியில் பார்த்திருந்தால் அந்தக் கேள்வி அவனோடும் அந்தப் பதில் அவளோடும் கிடந்திருக்கும். படம் எல்லோருக்கும் எங்கும் கிடைக்கிற இந்தக் காலத்திலும் கதிரை அடுக்கி ஒன்றாக உட்காருவதற்கு நான் காணும் காரணம் இது. யாழ்ப்பாணத்தில் 2015இல் அனோமா ராஜகருணாவின் முயற்சியில் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியபோதும், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே இருட்டில் இருந்து ஒரே திரையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து வாதாட வழி பிறந்தது. இந்த மூவரும் அருகருகே வாழும் எமது நகரத்துக்கு அது சின்ன விசயமல்ல. இங்கே சில ஆண்டுகளில், சில தெருக்களில், ஒருவரோடொருவர் பேசுவதே பெரிய காரியமாக இருந்தது.

சரி, கடிதம் எழுதிய நேயருக்கு ஒரு நிரல் தரவேண்டும். துறைமுக நகரம், மீன்பிடிக் கரை. ஆகவே நெய்தலில் தொடங்குங்கள்.

முதல் மாலை, ராமு காரியட்டின் 'செம்மீன்', 1965. தகழியின் நாவலைச் சுந்தர ராமசாமியின் தமிழில் படித்தவர்கள் எங்கள் வாசகரிடையே உண்டு. அவர்களை முன்வரிசைக்கு அழையுங்கள். வண்ணமும் பாட்டும் உள்ள படம், யாரும் எழுந்து போகமாட்டார்கள். கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருப்பவளின் கற்பில் தங்கியிருக்கிறது என்ற நம்பிக்கையைக் கரையூர்ப் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ஆண்கள் பிறகு பேசட்டும்.

இரண்டாவது, விஸ்கொந்தியின் 'லா தெரா திரேமா', 1948. சிசிலித் தீவின் மீனவர் தாமே நடித்தது. மொத்த வியாபாரிகளின் பிடியிலிருந்து விடுபட ஒரு குடும்பம் வீட்டை ஈடுவைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறது. புயலில் படகு போய்விடுகிறது. சம்மாட்டியிடம் கடன்பட்டவருக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. நீளம் இரண்டரை மணிக்கு மேல். இடையில் தேநீர் கொடுங்கள். அந்த மீனவரின் பேச்சுவழக்கு இத்தாலியர்க்கே விளங்காமல், மேலே ஒரு விளக்கக் குரல் சேர்த்தார்கள். அதையும் தமிழிலும் சிங்களத்திலும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது மாலை இரண்டு சிறிய படங்கள், 'சோங் ஒஃப் சிலோன்', கூடவே ஃபிளாஹர்ற்றியின் 'மான் ஒஃப் அரன்'. இரண்டும் 1934. இரண்டாவதில் வரும் சுறா வேட்டையை அந்தத் தீவார் எப்போதோ கைவிட்டிருந்தார்கள். படத்துக்காக மறுபடியும் பழக்கினார்கள். உண்மைப்படம் என்பது எவ்வளவு உண்மை என்ற சண்டைக்கு அந்த மாலை போதாது.

நான்காவது, செங்கை ஆழியானின் நாவலிலிருந்து பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய 'வாடைக்காற்று', 1978. நெடுந்தீவுக் கதை. நல்ல பிரதி அகப்பட்டால் காட்டுங்கள். அகப்படாவிட்டால் மண்டபத்தைப் பூட்டாமல், நாவலிலிருந்து சில பக்கங்களை வாசிப்பித்து, படத்தை அக்காலத்தில் பார்த்த முதியவர்களைப் பேசச் சொல்லுங்கள். நெய்தல் முடிந்த பிறகு 'பொன்மணி'. அதை முதலில் வைக்க வேண்டாம்; நாலு மாலை சேர்ந்து இருந்து பழகியவர்களுக்கு வையுங்கள்.

நாளும் நேரமும் பார்க்க வேண்டும். வெள்ளி நண்பகல் ஜும்ஆவுக்கு விட வேண்டும், நோன்பு மாதத்தில் மாலைக் காட்சி கூடாது, போயா தினம் சிங்கள நண்பர்களுக்கு, பங்குனியில் கோணேசர் கோயில் திருவிழாவும் பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவும் வரும். பின்னேரம் வள்ளம் தள்ளுகிறவர்களை ஆறு மணிக்கு அழைத்து என்ன பயன்? கடல் கொந்தளித்துத் தொழில் இல்லாத மாரிக்காலமே அவர்கள் கரையில் இருக்கும் காலம். கார்த்திகை, மார்கழியில் நெய்தல் நிரலை வைத்தால் கடற்றொழிலாளரும் வருவார்கள். ஆனால் மண்டபத்துக்குத் தகரக் கூரை என்றால் மழைச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேளாது. ஓட்டுக்கூரை உள்ள மண்டபமாகப் பாருங்கள்.

அடுத்த கிழமை மீண்டும் அகநானூறு. மணிமிடை பவளத்தில் வரும் நெய்தற் பாடல்கள் சிலவற்றைப் பார்ப்போம். வணக்கம்.